ஆட்டிசக் குழந்தைக்குப் பயிற்சி மையம் தெரிதல்: ஒரு வரலாற்று நோக்கு

சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, புதுச்சேரியில் நம் சபையைச் சேர்ந்த ஓர் இளந்தம்பதியர் குருமனைக்கு வந்தனர். தாயாரின் கையில் மூன்று அச்சிட்ட தாள்கள் இருந்தன. நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடைபெறும் மூன்று பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் அவை. அவர்களுடைய மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதிசெய்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. "ஐயா, இந்த மூன்றில் எதில் சேர்க்கலாம்? நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள், அதிலேயே சேர்த்துவிடுகிறோம்" என்றார் தாயார். பையன் அச்சமயத்தில் நம் மேசையின் கீழ் அமர்ந்து, மின்விசிறியின் நிழல் தரையில் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடனே விடைசொல்ல நாம் அஞ்சினோம். அதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு சபையில் ஊழியம் செய்தபோது, பேச்சு வராத மூன்று வயதுப் பிள்ளையோடு ஒரு தாய் நம்மிடம் வந்தார். "ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள் அம்மா. ஐந்து வயது வரை பொறுத்திருங்கள், ஜெபியுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அவர் நம் சொல்லை நம்பினார். ஒன்றரை ஆண்டு அப்படியே கழிந்தது. பின்னர்தான் அவர் வேறொருவர் சொல்லக் கேட்டு மருத்துவரிடம் சென்றார். அந்த ஒன்றரை ஆண்டை நம்மால் திருப்பித் தர இயலவில்லை. குருவானவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு, அறியாமையில் சொன்னாலும், ஒரு கனம் உண்டு என்பதை அன்று கற்றோம்.

ஆகவே இம்முறை விடைதேடிச் சற்றுப் படிக்கலானோம். ஆயர்களும் இறையியல் மாணவர்களும் இதில் நிபுணர்களாக வேண்டியதில்லை. ஆனால் இத்துறையின் வரலாற்றைப் புரட்டுகையில், இருநூறு ஆண்டுகளாக ஒரே வினா வெவ்வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப எழுவதைக் கண்டோம். குழந்தைக்குக் கற்பிக்கும் அறையில் பெற்றோருக்கு இடம் உண்டா, இல்லையா என்பதே அவ்வினா. விளம்பரத் தாள்களை எடைபோடவும் அதுவே நமக்குத் துலாக்கோலாயிற்று.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்றும், புற உலகச் சிந்தனை இன்மை என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் நமக்கு நிறைவளிக்கவில்லை. மதி இறுகிவிட்டது என்றோ, புற உலகைப் பற்றிய நினைவே இல்லை என்றோ ஒரு தாயிடம் கூறுவது, நோயின் பெயரைச் சொல்வதைவிடத் தீர்ப்பை வாசிப்பதையே ஒக்கும். மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் ஆட்டிசம் என்னும் சொல்லே புழங்குவதால் அதையே இங்கு ஆளுகிறோம். பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைத் தெரிவிப்பதிலும் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பச் செய்யும் நாட்டம், ஓசை, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன அதன் அடையாளங்கள். மூளை வளரும் முறையில் பிறப்பிலேயே அமையும் வேறுபாடு இது. பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. வளர்ப்பினால் வருவதன்று.

நம் நகருக்குப் பிரெஞ்சுத் தொடர்பு இருத்தலால், வரலாற்றைப் பிரான்சிலிருந்தே தொடங்கலாம். 1800-ஆம் ஆண்டு (அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் கைவசம் இருந்தது) தெற்குப் பிரான்சில் அவேரோன் என்னும் பகுதியின் காட்டிலிருந்து பேச்சறியாத ஒரு சிறுவன் வெளிப்பட்டான். அவனுக்குப் பின்னர் விக்தோர் என்று பெயரிட்டனர். பாரிசிலிருந்த செவிடர், ஊமையர் கல்வி நிலையத்தின் இளம் மருத்துவரான ழான் இத்தார், இச்சிறுவனைப் பயிற்றுவிக்க முடியும் என்று நம்பினார். ஏறக்குறைய ஐந்தாண்டுகள் முயன்றார். உணர்வுகளைப் பழக்குதல், பொருளையும் எழுத்தையும் இணைத்தல், செயலைச் சிறு படிகளாகப் பகுத்தல் எனப் பிற்காலத்தார் கையாளும் பல உத்திகளுக்கு விதை அங்கே கிடக்கிறது. இச்சிறுவன் ஆட்டிசம் உடையவனாய் இருந்திருக்கலாம் என்று இக்கால அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

அவனுடைய கதையில் ஒரு நிகழ்ச்சி நம்மை நிறுத்திற்று. பால் என்பதற்குரிய பிரெஞ்சுச் சொல்லை விக்தோர் சொல்லக் கற்றான். ஆனால் பால் வேண்டும் என்று கேட்பதற்கு அவன் அதைச் சொல்லவில்லை. பால் கிடைத்த பிறகு, மகிழ்ச்சியில் சொன்னான். இத்தாருக்கு இது ஏமாற்றமாயிருந்தது. மொழி என்றால் தேவையைக் கேட்பது என்பது அவர் கணக்கு. பையனின் கணக்கோ வேறு. இன்றும் பயிற்சி மையங்களில் இவ்விரு கணக்குகளும் மோதுவதைக் காண்கிறோம். இத்தார் தம் முயற்சி பெரிதும் தோற்றதாக எண்ணி வேறு பணிகளுக்குத் திரும்பிவிட்டார். விக்தோருடன் கடைசிவரை இருந்தவர் கேரன் அம்மையார் என்னும் பணிப்பெண். 1828-இல் அவன் இறக்கும்வரை அவனைப் பேணியவர் அவரே. அறிக்கைகள் எழுதியவர் மருத்துவர். உணவூட்டி, உடுத்தி, உலாவ அழைத்துச் சென்றவர் அம்மையார். புகழ் யாருக்குச் சென்றது என்பது வாசகர் அறிந்ததே.

இத்தாரின் வழியில் எதுவார் செகேன் நடந்தார். இருவருடைய எழுத்துகளையும் படித்தே மரியா மாண்டிசோரி தம் முறையை அமைத்தார். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததை நம் முதியோர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். இப்படி ஒரு கிளை தமிழ்நாட்டையும் தொட்டது.

ஆட்டிசம் என்னும் சொல்லை 1911-இல் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் பிளாய்லர் வேறொரு நோயைக் குறித்து வழங்கினார். குழந்தைகளிடம் காணும் தனி நிலையாக அதனை விவரித்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர். 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. இது பிறவியிலேயே அமைவது என்று அக்கட்டுரையில் அவர் சரியாகவே உணர்ந்தார். ஆயினும் அப்பெற்றோரிடம் உறவின் வெப்பம் குறைவு என்றும் எழுதிவைத்தார். பின்வந்த ஆண்டுகளில் அவர் அக்கருத்தை இன்னும் கடுமையாக்கினார். குளிர்பெட்டியில் வைத்த பிள்ளைகள் என்னும் உவமை அவ்வாறு பிறந்ததே.

அச்சிறு பொறியைத் தீயாக்கியவர் புரூனோ பெத்தல்ஹைம். நாசிகளின் சிறைமுகாம்களில் அடைபட்டு மீண்ட அவர், 1944 முதல் 1973 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு பள்ளியை நடத்தினார். தம்மை வேண்டாத தாயின் முன் குழந்தை தன்னைப் பூட்டிக்கொள்கிறது என்றும், சிறைமுகாமின் கைதியைப் போன்றதே அதன் நிலை என்றும் 1967-இல் ஒரு நூலில் எழுதினார். அக்கோட்பாட்டின்படி மருந்து என்ன? குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தல். பள்ளியில் பிள்ளைகள் வாழும் பகுதிக்குள் பெற்றோர் நுழைய இயலாது. பூட்டிய கதவே சிகிச்சை ஆயிற்று. 1990-இல் அவர் இறந்த பின்னர், அவர் தம்மை அடித்ததாக அங்கு வளர்ந்தவர்களில் பலர் வெளிப்படையாகக் கூறினர்.

இதனைப் படிக்கும் ஆயர்கள் அமெரிக்கரைக் குறைகூறி நகர்ந்துவிடலாகாது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் வினவியதை யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் படித்துவிட்டு, மறுநாள் அதே வினாவை ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்பவர்கள் நாம். தேசாவு நகரில் கண்ட பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை ஆன்மா இல்லாத வெறும் தசைப்பிண்டம் என்று கருதி, ஆற்றில் எறிந்துவிடலாம் என்று லூத்தர் கூறியதாக அவருடைய உணவுமேசை உரைகளில் ஒரு குறிப்பு உள்ளது. மாணவர்கள் எழுதிவைத்த குறிப்பு அது. சொல்லுக்குச் சொல் அவருடையதா என்பதில் ஐயம் எழலாம். அங்கிருந்த பிரபு அதற்கு இணங்கவில்லை என்றும் அதே குறிப்பு சொல்கிறது. நம் மாணவர்கள் அப்பகுதியையும் படிப்பது நன்று.

பூட்டிய கதவை உடைத்தவர்களுள் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட். தம் மகனுக்கு ஆட்டிசம் என்று அறிந்தபின் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, தாய்மேல் பழிசுமத்தும் கோட்பாட்டிற்குச் சான்றில்லை என்று 1964-இல் ஒரு நூலில் நிறுவினார். மறு ஆண்டு பெற்றோர் சங்கமொன்று அவர் முயற்சியால் எழுந்தது. அச்சங்கத்தின் கூட்டத்திற்கு 1969-இல் வந்த கானர், பெற்றோர் குற்றமற்றவர்கள் என்று மேடையிலேயே அறிவித்தார். பிழையை ஒப்புக்கொள்ள இருபத்தாறு ஆண்டுகள் ஆயின என்றாலும், ஒப்புக்கொண்டாரே! மற்றவர் எரிக் ஷோப்ளர். இவர் சிக்காகோவில் படித்து, பெத்தல்ஹைமின் முறையை அருகிருந்து கண்டு வெறுத்தவர். வட கரோலினா மாநிலத்தில், பெற்றோரையே துணைப் பயிற்சியாளர்களாக்கும் முறையை வகுத்தார். 1972-இல் அம்மாநில அரசு அதனை ஏற்று மாநிலமெங்கும் நடத்தலாயிற்று.

பிரான்சிலோ கதவு திறக்க நெடுங்காலமாயிற்று. உளப்பகுப்பாய்வுக் கொள்கையினர் அங்கே செல்வாக்குடன் இருந்தனர். ஆட்டிசம் உடையோருக்குக் கல்வி அளிக்கும் கடமையில் பிரான்சு தவறியது என்று ஐரோப்பிய சமூக உரிமைக் குழு 2003-இல் தீர்ப்பளித்தது. 2012-இல்தான் அந்நாட்டுச் சுகாதார உயர் ஆணையம் கல்வி, நடத்தை, வளர்ச்சி சார்ந்த பயிற்சிகளைப் பரிந்துரைத்தது. பிரான்சில் குடியேறிய உறவினர் நம் நகரில் பல குடும்பங்களுக்கு உண்டு. அங்கே எல்லாம் முன்னேறியிருக்கும், பிள்ளையை அனுப்பிவிடலாமா என்று நம்மிடம் கேட்பவர்களுக்காக இதைக் குறித்தோம்.

இனி, நடத்தைப் பயிற்சிக்கு வருவோம். விளம்பரத் தாள்கள் மூன்றிலும் தடித்த எழுத்தில் இருந்தது இதுவே. ஸ்கின்னர் என்னும் உளவியலாளரின் ஆய்வுகள் இதற்கு அடிப்படை. ஒரு செயலுக்கு முன் என்ன நிகழ்கிறது, செயல் யாது, அதன் பின் என்ன கிடைக்கிறது என்னும் மூன்றையும் கவனித்து எழுதுவது முதற்படி. பிறகு கற்பிக்க வேண்டியதைச் சிறு கூறுகளாக்குவர். தம்ளரில் தண்ணீர் குடிப்பது நமக்கு ஒரே செயல். பயிற்சியாளருக்கோ தம்ளரைப் பார்த்தல், கை நீட்டல், பற்றுதல், உயர்த்தல், சாய்த்தல், விழுங்கல், திரும்ப வைத்தல் எனப் பலவாகும். ஒவ்வொரு கூறும் நிறைவேறியதும் பிள்ளைக்குப் பிடித்த ஒன்று உடனே கிடைக்கும். வெற்றியும் தோல்வியும் தாளில் குறிக்கப்படும். கேட்பதற்கு எளிது. செய்வதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

இதனை ஆட்டிசக் குழந்தைகளிடம் பெருமளவில் கையாண்டவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐவார் லோவாஸ். பெற்றோரைக் குற்றவாளிகளாக்கவில்லை என்பதும், கற்பிக்க இயலாதவை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் துணிந்தார் என்பதும் அவருடைய பெருமை. அவருடைய சிறுமையையும் மறைக்கலாகாது. தொடக்க ஆண்டுகளில் பிள்ளைகளை அறைந்தார், அதட்டினார், மின்னதிர்ச்சியும் கொடுத்தார். 1965-இல் லைஃப் என்னும் அமெரிக்க இதழ் அவற்றைப் படங்களுடன் வெளியிட்டது. அந்நாளில் அதைக் கண்டவர்களில் பலர் அதனை வியந்து பாராட்டினர் என்பது நம்மை அதிகமாய் வருத்துகிறது.

1973-இல் லோவாசும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வு நம் வினாவுக்கு நேராக விடை கூறுகிறது. பயிற்சி முடிந்து சில ஆண்டுகள் சென்றபின் அதே பிள்ளைகளை அவர்கள் மீண்டும் கண்டனர். விடுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் கற்றவற்றை இழந்திருந்தனர். பயிற்சிபெற்ற பெற்றோரிடம் திரும்பியவர்கள் கற்றவற்றைக் காத்துக்கொண்டனர், மேலும் வளர்ந்தனர். மின்னதிர்ச்சியும் மிட்டாயும் செய்ய முடியாததை வீடு செய்தது. இவ்வாய்வைப் பற்றி ஒரு விளம்பரத் தாளும் பேசுவதில்லை.

அவை பேசுவதெல்லாம் 1987-இன் ஆய்வைத்தான். வாரம் நாற்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் பயிற்சிபெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் பிற பிள்ளைகளைப் போல முதல் வகுப்பில் தேறினர் என்று லோவாஸ் எழுதினார். நூற்றுக்கு நாற்பத்தேழு! உலகெங்கும் பெற்றோர் இவ்வெண்ணைப் பற்றிக்கொண்டனர். ஆனால் குழந்தைகள் குலுக்கல்முறையில் பிரிக்கப்படவில்லை. பயிற்சியாளர் கிடைப்பதைப் பொறுத்தே பிரிக்கப்பட்டனர். தொடையில் அடிப்பதும் அப்பயிற்சியில் இடம்பெற்றிருந்தது. 2018-இல் காக்ரேன் அமைப்பினர் இத்தகைய தீவிரப் பயிற்சியைப் பற்றிய தகுந்த ஆய்வுகளைத் திரட்டியபோது, 219 குழந்தைகளைக் கொண்ட ஐந்து ஆய்வுகளே தேறின. அவற்றுள் ஒன்றே குலுக்கல்முறையில் நடந்தது. சில பிள்ளைகளுக்குப் பயன் உண்டு, ஆயினும் சான்று வலுவற்றது என்பது அவர்களது முடிவு. நம் ஊரில் வாரம் மூன்று மணி நேரம் பயிற்றும் மையம், நாற்பது மணி நேரத்தின் பலனைத் தன் தாளில் அச்சிடுவது எந்தக் கணக்கு?

இன்னொரு குரலும் எழுந்தது. பிள்ளைகளாய் இருந்து பயிற்சிபெற்றவர்கள் வளர்ந்து பேசவும் எழுதவும் தொடங்கினர். ஜிம் சின்க்ளேர் என்னும் ஆட்டிசம் உடைய அமெரிக்கர் 1993-இல், எங்களுக்காகத் துக்கங்கொண்டாடாதீர்கள் என்னும் கருத்தில் பெற்றோரை நோக்கி உரையாற்றினார். பிறர் கண்களைப் பார்க்கும்படி வற்புறுத்தியதும், அமைதிக்காகக் கைகளை அசைத்தபோது கைகளைப் பிடித்து அழுத்தியதும் தங்களைக் காயப்படுத்தின என்று அவருக்குப் பின் பலர் கூறியுள்ளனர். எதற்கும் இணங்கு என்று பழக்கப்பட்ட பிள்ளை, தீயவனுக்கும் இணங்கிவிடும் என்று அவர்கள் எச்சரிப்பதை, சிறுவர் பாதுகாப்பைப் பற்றி இன்று விழித்துக்கொண்டிருக்கும் திருச்சபை செவிகொடுத்துக் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் இவ்வரலாறு வேறு பாதையில் சென்றது. 1950-களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரையும் கூடாரங்களில் உடன் தங்கவைத்தார். 1957-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் தோன்றியபோது, டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் தலைமையில் அதே முறை வேரூன்றிற்று. உறவினர் ஒருவர் உடன் தங்கியே ஆக வேண்டும். பூட்டுப்போடும் மனநல விடுதிகள் மேலைநாடுகளில் பெருகியிருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்க. அம்மையத்தைச் சேர்ந்த நம்பிக்கை நிலையத்தில், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளோடு பெற்றோரும் வாரக்கணக்கில் தங்கிக் கற்கின்றனர். அங்கே அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 1999-இல் பிரித்தானிய மனநல இதழில் வந்தது. சொற்பொழிவு கேட்ட பெற்றோரைவிட, குழுவாய் அமர்ந்து கலந்துபேசிக் கற்ற பெற்றோர் பத்து வாரங்களில் தம் பிள்ளையைப் பற்றிய மனப்பான்மையில் நன்கு மாறினர். பிரசங்க மேடையை நம்பி வாழும் நமக்கு இதில் ஒரு சிறு குத்தல் உண்டு!

டில்லியில் மேரி பரூவா என்னும் தாய், தம் மகனை முன்னிட்டு 1991-இல் ஆட்டிசத்திற்கான அமைப்பொன்றைத் தொடங்கினார். அதன் மூன்று மாதப் பயிற்சிக்குத் தாயோ தந்தையோ பிள்ளையுடன் நாள்தோறும் வர வேண்டும். கற்பது இருவருமே. கோவாவிலும் பாகிஸ்தானத்து இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. அதில் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே, பிள்ளையும் பெற்றோரும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதைப் பெற்றோருடன் சேர்ந்து பார்த்து வழிகாட்டினர். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைவாக நடக்கக் கற்றனர், பிள்ளைகளும் தாமாகப் பெற்றோரை நாடலாயினர். வேறோர் அளவையில் எதிர்பாராத குறைவும் தென்பட்டது என்பதை ஆய்வாளர் மறைக்கவில்லை. அந்நேர்மையே அவர்கள்மேல் நம்பிக்கை கொள்ளச் செய்கிறது.

சட்டத்தைச் சுருங்கக் கூறுவோம். 1995-இன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்திற்கு இடமில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர்சொல்லி ஏற்றது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. சான்றிதழுக்கு நாற்பது கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று உண்டு. அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெற வழியுண்டு. இதை அறியாமல் நகையை அடகுவைத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

புதுச்சேரியில் எங்கே செல்வது? 1823-இல் பிரெஞ்சு மருத்துவப் பள்ளியாய்த் தொடங்கி, 1964-இல் ஜிப்மர் என்னும் பெயர்பெற்ற நிறுவனம் நம் நகரிலேயே உள்ளது. நோயறிதலும் கேட்புத்திறன் சோதனையும் அத்தகைய இடத்தில் முதலில் முடிந்திருக்க வேண்டும். செவி கேளாமையையும் ஆட்டிசத்தையும் குழப்பிக்கொண்ட பெற்றோர் உண்டு. சிறப்புக் கல்விக்குச் சித்ரா ஷா அம்மையார் 2003-இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி உள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் வழியில் முட்டுக்காட்டில், பலவகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. தனியார் மையங்கள் பல தெருக்களில் முளைத்துள்ளன. அவற்றுள் நல்லனவும் உண்டு, மாடியறையில் இரண்டு நாற்காலியும் ஒரு பந்தும் மட்டுமே உடையனவும் உண்டு.

தம்பதியரோடு நாமும் அம்மூன்று இடங்களுக்கும் சென்றோம். முதல் மையத்தில் வரவேற்பறை குளிரூட்டப்பட்டிருந்தது. தாய் உள்ளே வரலாமா என்று கேட்டோம். பெற்றோர் இருந்தால் பிள்ளை பணியாது, கண்ணாடிவழியாகவும் பார்க்க ஏற்பாடில்லை, மாத இறுதியில் அறிக்கை தருவோம் என்றனர். சிக்காகோவின் கதவு இங்கே வந்துவிட்டதே என்று நினைத்தோம். சுவரில் அமெரிக்கச் சான்றிதழ் ஒன்று தொங்கிற்று. நடத்தைப் பயிற்சியாளருக்குச் சான்றளிக்கும் அமெரிக்க வாரியம் 1998-இல் அமைந்தது. 2023 முதல் அது நம் நாட்டிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆகவே சான்றிதழில் யார் பெயர், எந்த ஆண்டு, அவரே பிள்ளையோடு அமர்வாரா, அல்லது நேற்றுச் சேர்ந்த பெண்பிள்ளை அமர்வாரா என்று கேட்பதில் தவறில்லை. நம் நாட்டில் சிறப்பாசிரியரும் மருத்துவ உளவியலாளரும் 1992-இன் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்றிருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். கேட்டால் சினங்கொள்பவரிடம் பிள்ளையை விடுவது எங்ஙனம்?

இரண்டாம் இடத்தில் ஆறு மாதத்தில் குணமாக்குவதாக வாக்களித்தனர். ஆண்டுத் தொகையை முன்னதாகக் கட்டினால் தள்ளுபடி உண்டாம். குருத்தணு மருத்துவத்திற்கும் வழிகாட்டுவார்களாம். ஆட்டிசத்திற்கு அம்மருத்துவம் பரிந்துரைக்கத்தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் கூறியிருப்பதை எடுத்துச்சொன்னோம். உரையாடல் அதோடு முடிந்தது. வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலத்தில் மட்டும் பேசும்படி அவ்விடத்தார் தாயிடம் கூறியது நமக்குப் பெரும் வருத்தம். இரு மொழிகள் கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதாக இதுவரை ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியிடம் பேச மொழியின்றிப் போகும் பிள்ளைக்கு என்ன பேச்சுப் பயிற்சி?

மூன்றாம் இடம் ஒரு வாடகை வீட்டின் இரண்டு அறைகள். பயிற்றுபவர் நடுத்தர வயதுச் சிறப்பாசிரியை. எங்களை வைத்துக்கொண்டே அரைமணி நேரம் பையனின் அருகே பாயில் அமர்ந்திருந்தார், ஒன்றும் கற்பிக்கவில்லை. அவன் ஒரு மூடியைச் சுழற்றினான். அவரும் ஒரு மூடியைச் சுழற்றினார். பிள்ளை மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "மறுக்கிறதும் ஒரு பேச்சுத்தானே ஐயா. ஏன் மறுக்கிறான் என்று பார்ப்பேன்" என்றார். எத்தனை நாளில் பேசுவான் என்று தகப்பன் கேட்டார். அதைச் சொல்ல முடியாது, ஆனால் வேண்டியதைக் கேட்க ஏதேனும் ஒரு வழியை முதலில் கற்கச் செய்வோம், மூன்று மாதத்தில் குறிப்பேட்டைச் சேர்ந்து பார்ப்போம், மாற்றமில்லையேல் வழியை மாற்றுவோம் என்றார். வாரத்தில் மூன்று நாள் தாய் உடன் அமர வேண்டும், ஒரு நாளாவது தந்தை வர வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கடையில் விடுப்புக் கிடைக்குமா என்று தகப்பன் தயங்கினார். முதலாளியிடம் பேச நாம் உடன் சென்றோம். இப்படியொரு வேலைக்குப் போதகர் பயன்படுவார் என்று எந்த இறையியல் வகுப்பிலும் நமக்குச் சொல்லப்படவில்லை.

ஏழு மாதங்கள் ஆயின. பையன் இன்னும் பேசவில்லை. தாகம் எடுத்தால் தம்ளரைக் கொண்டுவந்து தாயின் கையில் வைக்கிறான். முன்பெல்லாம் அழுது தரையில் தலையை மோதுவான், காரணம் தெரியாமல் வீடே அழும். இந்த மாதம் தண்ணீர்ப் படத்துக்கும் பால் படத்துக்கும் வேறுபாடு காணத் தொடங்கியிருப்பதாகக் குறிப்பேடு கூறுகிறது. பயிற்சியின் விலை அவர்களுக்கு இன்னும் பாரமே. சபையின் உதவி நிதியிலிருந்து ஒரு பகுதியைத் தரப் பஞ்சாயத்தார் இணங்கினர். ஒருவர் மட்டும், குணமாகாத பிள்ளைக்கு எத்தனை காலம் கொடுப்பது என்று கேட்டார். அவருக்கு நாம் இன்னும் விடைசொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிறு ஆராதனையில் பையன் காதுகளைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவதன் காரணத்தை அவ்வாசிரியைதான் கண்டு சொன்னார். பின்வரிசைத் தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டோம். இப்போது பின்வரிசையில் தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவே அமர்ந்து, மின்விசிறியைப் பார்க்கிறான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் தவறாய் வழிகாட்டிய அந்தத் தாயாருக்கும் சென்ற மாதம் கடிதம் எழுதினோம்.